ஒரு தோல்வி, இரண்டு பாடங்கள்: சூயஸும் மேற்கு நாடுகளின் கூட்டணியும்



அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிந்துவிட்டன என்று ஒரு வாரமும், சமாதானமாகிவிட்டன என்று மறு வாரமும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 2025 பிப்ரவரியில் மூனிக் பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்த அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், ஐரோப்பாவுக்குப் பெரிய ஆபத்து ரஷ்யாவோ சீனாவோ அல்ல, அதன் உள்ளேயே இருக்கிறது என்று ஐரோப்பியத் தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த இரண்டு வாரத்தில் வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன்பே டிரம்புக்கும் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கும் வாய்ச்சண்டை. ஜூன் மாதம் தி ஹேக் நகரில் நேட்டோ தலைவர்கள் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 2035க்குள் நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குச் செலவிடுவோம் என்று அறிவித்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஒருவரது குணத்தைக் காரணம் காட்டிவிட்டுப் போவது எளிது. இவ்வுரை அந்த வழியில் போகவில்லை. இன்றைய பிணக்கின் வேர் 1956இல், சூயஸ் கால்வாய்க் கரையில் இருக்கிறது. அங்கே பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து தோற்றன. தோற்கடித்தது எகிப்தின் படை அல்ல, அவர்களுடைய கூட்டாளியான அமெரிக்கா. அந்த ஒரே தோல்வியிலிருந்து இரண்டு நாடுகளும் நேர் எதிரான இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டன. எழுபது ஆண்டுகளாக ஐரோப்பா இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. இப்போது அது பிரான்சின் பாடத்தை வாயால் சொல்லிக்கொண்டே பிரிட்டனின் பாடத்தைக் கையால் செய்துகொண்டிருக்கிறது. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

1. பணப்பெட்டி யாரிடம் இருந்தது

1956 ஜூலை 19 அன்று, எகிப்தின் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பணத்தைத் தர முடியாது என்று அமெரிக்கா கைவிரித்தது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று, அலெக்சாந்திரியாவில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் எகிப்து அதிபர் நாசர் பேசினார். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் பெயர் அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. அதுதான் அடையாளச் சொல். வானொலியில் அதைக் கேட்டதும் எகிப்திய அதிகாரிகள் கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். பேச்சு முடிவதற்குள் நிறுவனம் நாட்டுடைமை ஆகியிருந்தது. அதில் பிரிட்டிஷ் அரசுக்கு 44 விழுக்காடு பங்கு இருந்தது.

ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகளின் மாநாடு கூடியது. கால்வாயின் உரிமை எகிப்துக்கே இருக்கட்டும், பயன்படுத்தும் நாடுகளுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு ஒன்று போதும் என்று இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் ஒரு மாற்றுத் திட்டத்தை வைத்தார். எடுபடவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் ஆந்தனி ஈடன் அதற்குள் வேறு வழியில் இறங்கியிருந்தார்.

அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில், ஒரு மாளிகையில் ரகசியமாகக் கூடினார்கள். பிரெஞ்சுப் பிரதமர் கி மொல்லே, இஸ்ரேலின் பென் குரியன், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் செல்வின் லாய்ட் ஆகியோர் வந்திருந்தார்கள். திட்டம் இதுதான்: இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும், சண்டையை விலக்குவதுபோல் பிரிட்டனும் பிரான்சும் உள்ளே வந்து கால்வாயைப் பிடித்துக்கொள்ளும். கடைசி நாளில் இது எழுத்தில் வடிக்கப்பட்டது. பிரிட்டன் சார்பில் பாட்ரிக் டீன் என்ற அதிகாரி கையெழுத்திட்டார். இப்படி ஓர் ஆவணம் உருவானதை அறிந்த ஈடன் பதறிப்போனார். எல்லாப் படிகளையும் அழித்துவிடச் சொல்லி டீனையே மறுபடி பாரிசுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பிரிட்டனின் படி அழிக்கப்பட்டது. இஸ்ரேலின் படி பத்திரமாக இருந்து நாற்பது ஆண்டுகள் கழித்து வெளியானது. அந்தத் தாளில் மூன்று நாடுகளின் கையெழுத்து உண்டு. நேட்டோவின் தலைமை நாட்டுக்குத் தகவல்கூட இல்லை.

அமெரிக்கா கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? செப்டம்பர் இறுதியில் வாஷிங்டன் போயிருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹெரால்ட் மக்மில்லன் அதிபர் ஐசனோவரைச் சந்தித்தார். இருவரும் போர்க்காலத்திலிருந்தே பழகியவர்கள். ஐசனோவர் குறுக்கே நிற்கமாட்டார் என்ற எண்ணத்தோடு மக்மில்லன் லண்டன் திரும்பினார். தான் கேட்க விரும்பியதைத்தான் அவர் கேட்டுவிட்டு வந்தார் என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது. மறுநாள் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை பிரிட்டனும் பிரான்சும் ரத்து அதிகாரத்தால் முறியடித்தன. பிரிட்டன் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. அதுவும் அமெரிக்காவுக்கு எதிராக. நவம்பர் 4 அன்று, ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. ஹங்கேரியர்கள் மேற்கின் உதவிக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் மேற்கு நாடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. மறுநாள் பிரிட்டிஷ், பிரெஞ்சு பாராசூட் வீரர்கள் போர்ட் சயீதில் குதித்தார்கள்.

இங்கே பணம் நுழைகிறது. போர் தொடங்கியதும் பவுண்டை விற்றுவிட்டு டாலருக்கு ஓடினார்கள். நவம்பர் ஒரு மாதத்தில் மட்டும் பிரிட்டனின் கையிருப்பு 27.9 கோடி டாலர் கரைந்தது. பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்கலாம். ஆனால் அங்கே அமெரிக்காவை மீறி எதுவும் நடக்காது. சண்டையை நிறுத்தி வெளியேறினால்தான் பணம் என்பதில் அமெரிக்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஹம்ஃப்ரி உறுதியாக நின்றார். எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்திருந்தது. சிரியாவில் எண்ணெய்க் குழாய் தகர்க்கப்பட்டிருந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட அமெரிக்க எண்ணெயும் வரவில்லை. நவம்பர் 6 நள்ளிரவில் போர் நின்றது. படைகள் போர்ட் சயீதிலிருந்து சுமார் 37 கிலோமீட்டர்தான் நகர்ந்திருந்தன.

பிரான்ஸ் இதில் ஒரு காரியம் செய்திருந்தது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. படையெடுப்புக்கு முன்பே, அக்டோபரில், நிதியத்திடம் 26 கோடி டாலருக்கு மேல் ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டது. அதனால் அந்த வாரம் பிராங்க் தள்ளாடவில்லை. உலக நாணயம் என்று பெருமை பேசிய பவுண்டு தள்ளாடியது. முன்யோசனை இல்லாதவன் பணிந்தபோது முன்யோசனை இருந்தவனும் சேர்ந்து பணிய வேண்டியதாயிற்று. பாரிஸ் இதை மறக்கவே இல்லை.

உடல்நலம் கெட்ட ஈடன், ஓய்வுக்காக ஜமைக்காவில் ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங்கின் வீட்டுக்குப் போனார். அவர் அங்கே இருந்தபோதே, படைகளைத் திரும்பப் பெறும் முடிவை லண்டனில் மற்றவர்கள் எடுத்தார்கள். வெளியேற ஒப்புக்கொண்ட உடனே, டிசம்பரில், நிதியம் சுமார் 130 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்தது. 1957 ஜனவரி 9 அன்று ஈடன் பதவி விலகினார். போர்ட் சயீதில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் இடத்துக்கு வந்த ஐ.நா. அமைதிப் படையில் இந்திய வீரர்களும் இருந்தார்கள்.

2. லண்டன் கற்றது: இனி அமெரிக்காவைப் பிரியக் கூடாது

ஈடனுக்குப் பின் பிரதமரானவர் மக்மில்லன். முதல் வேலையாக, 1957 மார்ச்சில், பெர்முடா தீவில் ஐசனோவரைச் சந்தித்து உறவைச் சரிசெய்தார். 1958இல் அணு ஆயுதத் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு வந்த அந்த ஒப்பந்தம் 2024இல் காலவரையற்றதாக மாற்றப்பட்டது. 1962 டிசம்பரில் பஹாமாஸ் தீவின் நசாவ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி பிரிட்டனுக்கு போலாரிஸ் ஏவுகணைகளைத் தர ஒப்புக்கொண்டார். பின்னர் அந்த இடத்துக்கு ட்ரைடன்ட் வந்தது.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்திலிருந்து புறப்படும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் பிரிட்டனில் கட்டப்பட்டது. அணுகுண்டும் பிரிட்டனில் செய்தது. சுடச்சொல்லும் உரிமையும் பிரிட்டிஷ் பிரதமருடையது. ஏவுகணை மட்டும் அமெரிக்காவில் செய்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்தில் இரு நாடுகளுக்கும் பொதுவான கிடங்கிலிருந்து அதை எடுத்து வருகிறார்கள். பழுது பார்க்கவும் அங்கேயே போகிறது. நாளைக்கே உறவு முறிந்தால் கப்பல் நின்றுவிடாது. சில ஆண்டுகள் ஓடும். அதற்கு மேல் ஓட அமெரிக்காவின் தயவு வேண்டும்.

பிரிட்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது என்று இதற்குப் பொருள் இல்லை. வியட்நாமுக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்க அதிபர் ஜான்சன் எவ்வளவோ வற்புறுத்தியும் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அனுப்பவில்லை. 1983இல் பிரிட்டிஷ் அரசியே நாட்டுத் தலைவராக இருந்த கிரனடா தீவின் மீது ரீகன் படையெடுத்தார். தாட்சரின் எதிர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. தாட்சர் கோபப்பட்டார். உறவை முறிக்கவில்லை. 2003இல் இராக் போரில் பிளேர் அமெரிக்காவோடு போனபோது, அவருக்கு முன் இருந்த வழி 1957இலேயே போடப்பட்டிருந்தது.

3. பாரிஸ் கற்றது: இனி அமெரிக்காவை நம்பக் கூடாது

நவம்பர் 6 அன்று ஈடன் போர் நிறுத்தத்தைத் தொலைபேசியில் சொன்னபோது, மொல்லேயோடு அமர்ந்திருந்தவர் மேற்கு ஜெர்மனியின் அடினாவர். வேறு பேச்சுவார்த்தைக்காகப் பாரிஸ் வந்தவர் அவர். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நிகராக பிரான்சோ பிரிட்டனோ ஜெர்மனியோ தனித்து வளர முடியாது, பழிதீர்க்க வேண்டுமென்றால் ஐரோப்பாவைக் கட்டுங்கள் என்ற பொருளில் அவர் பேசியதாக பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பினோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். சொற்கள் அப்படியே சொல்லப்பட்டனவோ இல்லையோ, அடுத்து நடந்தது பதிவில் இருக்கிறது. ஐந்து மாதம் முடிவதற்குள், 1957 மார்ச் 25 அன்று, ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் அடித்தளம் அது.

இன்னொரு பக்கம் அணுகுண்டு வேலை வேகம் பிடித்தது. 1960 பிப்ரவரி 13 அன்று அல்ஜீரியப் பாலைவனத்தில் பிரான்சின் முதல் குண்டு வெடித்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் தெ கோல். பெருமை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். வேலையைத் தொடங்கி வைத்தவர்கள், அவருக்கு முன் ஆட்சியில் இருந்த, அவர் இகழ்ந்த நான்காம் குடியரசின் அமைச்சர்கள்.

நசாவ் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1963 ஜனவரி 14 அன்று ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர்வதை தெ கோல் தடுத்தார். பிரிட்டன் உள்ளே வந்தால் அதன் பின்னால் அமெரிக்காவும் வந்துவிடும் என்பது அவரது கணக்கு. 1966 மார்ச்சில் ஜான்சனுக்குக் கடிதம் எழுதி, நேட்டோவின் கூட்டுக் கட்டளை அமைப்பிலிருந்து பிரான்சை விலக்கினார். அந்நியப் படைகள் பிரெஞ்சு மண்ணைவிட்டுப் போக வேண்டும் என்றார். இரண்டு உலகப் போர்களிலும் பிரான்சுக்காகச் செத்து அந்த மண்ணில் புதைந்திருக்கும் அமெரிக்கர்களும் அதில் அடக்கமா என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் கேட்டார் என்பது பலரும் சொல்லும் செய்தி. நேட்டோ தலைமையகம் பாரிசிலிருந்து பிரசெல்சுக்கு மாறியது. காலியான கட்டடத்தில் 1968இல் ஒரு பல்கலைக்கழகம் வந்தது; தோஃபின் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

தெ கோல் நேட்டோவைவிட்டு வெளியேறவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டளை அமைப்பிலிருந்துதான் விலகினார்; உடன்படிக்கையில் கையெழுத்து அப்படியே இருந்தது. 2009இல் அதிபர் சர்கோசி கட்டளை அமைப்புக்கும் பிரான்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆனாலும் பிரெஸ்ட் அருகே உள்ள இல் லோங் தளத்தில் நிற்கும் பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலில் கப்பல், குண்டு, ஏவுகணை மூன்றும் பிரான்சில் செய்தவை. ஃபாஸ்லேனுக்கும் இல் லோங்குக்கும் உள்ள வேறுபாடுதான் சூயஸின் எச்சம்.

4. பொது எதிரி இருந்தால் போதுமா

சோவியத் பயம் இருந்தவரை கூட்டணி உறுதியாக இருந்தது, பயம் போனதும் தளர்ந்தது என்பது பாடநூல்களில் வரும் விளக்கம். அது பாதிதான் சரி. புடாபெஸ்ட்டில் டாங்கிகள் ஓடிய அதே வாரத்தில்தான் சூயஸ் சண்டை நடந்தது. பனிப்போர் மறுபடி சூடேறிய 1982இல் இன்னொன்று.

சைபீரிய எரிவாயுவை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் குழாய்ப் பாதைக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தன. போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததைக் காரணம் காட்டி, அமெரிக்கத் தொழில்நுட்பம் கலந்த எதையும் அனுப்பக் கூடாது என்று 1982 ஜூனில் ரீகன் தடை விதித்தார். ஐரோப்பாவில் இருக்கும் நிறுவனங்களுக்கும் தடை பொருந்தும் என்றார். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் ஜான் பிரவுன் ஆலைத் தொழிலாளர்களின் வேலை அந்த டர்பைன்களை நம்பியிருந்தது. ரீகனின் நெருங்கிய தோழியான தாட்சரே, தடையை மதிக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டார். பிரான்ஸ், அமெரிக்க நிறுவனமான டிரெசரின் பிரெஞ்சுக் கிளையை, செய்து முடித்த கம்ப்ரசர்களைக் கப்பலில் ஏற்றும்படி கட்டாயப்படுத்தியது. நவம்பரில் ரீகன் தடையை விலக்கிக்கொண்டார்.

1956இல் பணிந்தவர்கள் 1982இல் ஏன் பணியவில்லை? துணிச்சல் கூடியதால் அல்ல. இந்த முறை கடன் கேட்டு நின்றவர்கள் அவர்கள் அல்ல. பொருளும் ஆலையும் அவர்கள் கையில் இருந்தன. கூட்டாளிகளுக்குள் யார் பேச்சு எடுபடும் என்பதை எதிரியின் பலம் தீர்மானிப்பதில்லை. அந்த வேளையில் யாருக்கு யார் தேவை என்பதே தீர்மானிக்கிறது. 

5. வாயில் ஒன்று, கையில் ஒன்று

2021 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் ஆக்கஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தை அறிவித்தன. அதே வேகத்தில் பிரான்சிடம் 12 நீர்மூழ்கிகள் வாங்க ஆஸ்திரேலியா செய்திருந்த பெரிய ஒப்பந்தம் ரத்தானது. பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தூதர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவிலிருந்து பிரெஞ்சுத் தூதர் திரும்ப அழைக்கப்பட்டது அதற்கு முன் நடந்ததே இல்லை. லண்டனிலிருந்து மட்டும் தூதரை அழைக்கவில்லை. பிரிட்டன் இதில் வண்டியின் ஐந்தாவது சக்கரம்தான் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கேலி செய்தார். மறு ஆண்டு ஆஸ்திரேலியா 55.5 கோடி யூரோ இழப்பீடு கொடுத்து விவகாரத்தை முடித்தது. இது நடந்தபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் பைடன், டிரம்ப் அல்ல. குணத்தைக் காரணம் காட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டிரம்பின் இரண்டாம் ஆட்சியில் புதியது ஒன்று உண்டு. 2025 ஜனவரியில், பதவியேற்கும் முன்பே, கிரீன்லாந்தைப் பெற ராணுவ பலத்தையோ பொருளாதார நெருக்கடியையோ பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி தர அவர் மறுத்தார். கிரீன்லாந்து டென்மார்க்குக்கு உட்பட்டது; அந்த டென்மார்க் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவோடு நின்று 40க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த சிறிய நாடு. 1951 ஒப்பந்தப்படி கிரீன்லாந்தில் அமெரிக்கத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. கூட்டாளியைப் பணியவைப்பது பழைய பழக்கம். கூட்டாளியின் நிலத்தையே கேட்பது இந்தக் கூட்டணிக்குள் கேட்டுப் பழகாத பேச்சு.

அதே ஆண்டு மார்ச்சில் இன்னொன்று நடந்தது. உக்ரைனுக்கு உளவுத் தகவல் தருவதை அமெரிக்கா சில நாட்கள் நிறுத்தி வைத்தது. பணம் ஐரோப்பாவிடம் இருந்தது. செயற்கைக்கோள் கண் இல்லை. சூயஸில் பவுண்டு எப்படியோ, இன்றைக்கு உளவுத் தகவல் அப்படி. ஒரு வாரத்தில் நிறுத்தம் விலக்கப்பட்டது. ஐரோப்பியத் தலைநகரங்களில் பயம் விலகவில்லை. அம்மாதமே ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பைத் தளர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 15,000 கோடி யூரோ கடன் திட்டத்தை வகுத்தது. பேச்சைக் கேட்டால் தெ கோல் திரும்பி வந்துவிட்டார் என்றே தோன்றும்.

செலவைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம், பின்லாந்து, போலந்து, டென்மார்க் என்று வரிசையாக வாங்குவது அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தை. ஜூலையில் வந்த ஏற்பாட்டின்படி ஐரோப்பிய நாடுகள் அமெரிக்க ஆயுதங்களை விலைக்கு வாங்கி உக்ரைனுக்குக் கொடுக்கின்றன. அதே மாதம் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், டிரம்புக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானத்துக்கே போய், ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் பெரும்பாலான பொருட்களுக்கு 15 விழுக்காடு சுங்க வரியை ஒப்புக்கொண்டார். பிரிட்டனுக்கு மே மாதத்திலேயே 10 விழுக்காடு என்று முடிவாகியிருந்தது. பிரிட்டனோடு அமெரிக்காவுக்குப் பெரிய வணிகப் பற்றாக்குறை இல்லை என்பதும் அதற்குக் காரணம். எழுபது ஆண்டு விசுவாசத்துக்குக் கிடைத்த தள்ளுபடி 5 விழுக்காடு என்று லண்டன்காரர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

பிரான்சின் நிலையும் பாராட்டும்படி இல்லை. ஐரோப்பா சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பிரெஞ்சு அதிபர் மேக்ரான் 2017 முதல் சொல்லி வருகிறார். ஆனால் அந்தக் காலுக்குப் பிரெஞ்சு நிறுவனங்களின் செருப்பையே வாங்கச் சொல்கிறார் என்று பக்கத்து நாடுகள் முணுமுணுக்கின்றன. நாட்டு உற்பத்தியில் 110 விழுக்காட்டைத் தாண்டிய கடனோடு நிற்கும் அரசு, மற்றவர்களைத் தன் பின்னால் வரச் சொல்வதும் கடினம். ஹேக் நகரில் 5 விழுக்காட்டுக்கு முணுமுணுத்த ஸ்பெயின், தன் ராணுவத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம் என்றது. தெற்கே இருப்பவர்களுக்கு ரஷ்யா தொலைவில் இருக்கிறது.

பழைய இரண்டு பாடங்களும் ஒரு மாத இடைவெளிக்குள் ஒரே நாட்டில் மோதியதற்கும் சான்று உண்டு. 2025 ஜூனில் பிரிட்டன், அமெரிக்க அணுகுண்டைச் சுமக்கும் நேட்டோ பணிக்காக 12 எஃப்-35ஏ விமானங்களை வாங்குவதாக அறிவித்தது. ஜூலை 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மரும் மேக்ரானும் நார்த்வுட் தளத்தில் நின்று, இரு நாடுகளின் அணு ஆயுதங்களை ஒருங்கிணைக்கலாம் என்று உடன்பாடு கண்டார்கள். இரண்டாவதில் புதுமை அதிகம். முதலாவதில்தான் பணம் இருக்கிறது. எது நிலைக்கும் என்று கேட்டால், அடுத்த ஒரு தலைமுறைக்கு லண்டனின் பழைய பாடமே நிலைக்கும் என்பது இவ்வுரையின் கணிப்பு. பிரிட்டன் இப்போது ட்ரெட்நாட் வகுப்பில் நான்கு புதிய அணு நீர்மூழ்கிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2030களில் அவை கடலில் இறங்கும்போது அவற்றில் ஏறப்போவதும் அமெரிக்க ட்ரைடன்ட் ஏவுகணைகள்தான்.